ராணிக்கு எதுக்கு தனி ஆட்டம்?

காரைக்குடி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நாட்டுக்கோழி வறுவல், ஆத்தங்குடி டைல்ஸ், பர்மா தேக்குத் தூண், அந்தத் தூணைச் சுற்றி ஹீரோயின் ஓடிப் பாடிய ஏகப்பட்ட சினிமாப் பாட்டு. சரிதான். ஆனால் 2019-ல் இந்தியாவின் சதுரங்க ராணி யார் என்று முடிவானதும் அதே காரைக்குடியில்தான். தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது. கோவாவைச் சேர்ந்த பக்தி குல்கர்னி பட்டம் வாங்கினார். முந்தின வருஷம் ஜெய்ப்பூரிலும் அவரேதான்.

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூரில் கண் அசந்து, திருப்பத்தூரில் முழித்துப் பார்த்தால் அடுத்தது காரைக்குடி. அவ்வளவு பக்கம். இவ்வளவு பக்கத்தில் ஒரு கிரிக்கெட் மேட்ச் நடந்திருந்தால், நம்ம ஆபீஸ்களில் அன்றைக்கு எத்தனை பாட்டி செத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். செஸ்ஸுக்கு ஒரு பாட்டிகூட சாகவில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். கோரிப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "அது சரிப்பா... ஓட்டப்பந்தயம், குத்துச்சண்டைன்னா லேடீஸுக்குத் தனியா வைக்கலாம். செஸ்ல என்ன, மூட்டையா தூக்குறாக? உக்காந்து ஒரு மரக்கட்டையை நகத்துறதுக்கு எதுக்கு தனி ஆட்டம்?"

நியாயமான கேள்வி. நூற்றுக்குத் தொண்ணூறு ஆண்கள் கேட்கிற கேள்வி. (மீதிப் பத்துப் பேர் செஸ்ஸில் ஒரு பெண்ணிடம் தோற்றவர்கள். அவர்கள் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.) பதில் ஒரு வரியில் இல்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

* * *

இந்தியாவில் பெண்களுக்கென்று தேசியப் போட்டி ஆரம்பித்தது 1974-ல், பெங்களூரில். ஜெயித்தவர் மும்பையைச் சேர்ந்த வாசந்தி காடில்கர். அடுத்து யார் ஜெயித்தார் என்று பார்த்தால் ஜெயஸ்ரீ காடில்கர். அதற்கடுத்து ரோஹிணி காடில்கர். மூன்று பேரும் அக்கா தங்கச்சிகள்! அப்பா 'நவாகாள்' என்ற மராத்திப் பத்திரிகையின் ஆசிரியர். முதல் பத்து வருஷம் பட்டம் அந்த வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. ரேஷன் கார்டில் சேர்த்துவிட்ட மாதிரி.

இதில் கடைக்குட்டி ரோஹிணி செய்த வேலைதான் முக்கியம். 1976-ல், 13 வயசுப் பெண், ஆண்கள் தேசியப் போட்டியில் போய் உட்கார்ந்தாள். அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாதது. உட்கார்ந்ததோடு விட்டாளா? பெரிய மீசைக்காரர் ஒருவரைத் தோற்கடிக்கவும் செய்தாள். (மீசை என் கற்பனை. தோல்வி நிஜம்.) உடனே எதிர்ப்பு கிளம்பியது. பெண் எப்படி ஆண்கள் போட்டியில் ஆடலாம்? விவகாரம் ஹைகோர்ட் வரைக்கும் போனது. கடைசியில் உலக சதுரங்க சம்மேளனத் தலைவர் மேக்ஸ் யூவே தீர்ப்பு சொன்னார்: தேசியப் போட்டியானாலும் சர்வதேசப் போட்டியானாலும், பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக் கூடாது.

இந்த யூவே சும்மா நாற்காலியில் உட்கார்ந்த தலைவர் இல்லை. நெதர்லாந்துக்காரர், 1935-ல் உலக சாம்பியன். அவர் தீர்ப்பு சொன்னதில் ஒரு சொந்த அனுபவமும் கலந்திருக்கும் என்பது என் சந்தேகம். காரணம், அதற்குக் கிட்டத்தட்ட 45 வருஷம் முன்னால் நடந்த ஒரு கூத்து.

1927-ல் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன் ஆனவர் வேரா மெஞ்சிக். மாஸ்கோவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 1929-ல் கார்ல்ஸ்பாத் என்ற ஊரில் உலகத்துப் பெரிய தலைகள் ஆடிய போட்டியில் இவரையும் சேர்த்தார்கள். ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆஸ்திரிய மாஸ்டருக்கு இது சிரிப்பாக இருந்தது. "இந்தம்மாகிட்ட தோக்கிறவங்களை எல்லாம் சேர்த்து 'வேரா மெஞ்சிக் கிளப்'னு ஒண்ணு ஆரம்பிச்சுடலாம்" என்கிற மாதிரி நக்கல் விட்டார். கிளப் ஆரம்பமானது. முதல் மெம்பர் யார் தெரியுமா? சாட்சாத் பெக்கர்தான்! கிளப்பில் பிறகு பல பெரிய மனிதர்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் மேக்ஸ் யூவே. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை தோற்றுச் சேர்ந்தவர். ஆக, 1976-ல் ரோஹிணிக்குக் கிடைத்தது அனுபவஸ்தரின் தீர்ப்பு.

(மெஞ்சிக் 1944-ல் லண்டனில் ஜெர்மன் குண்டு வீச்சில் இறந்துபோனார். சாகும்போதும் அவர்தான் உலக சாம்பியன்.)

நம்ம பக்கத்து ஆச்சரியம் ஒன்றும் உண்டு. பஞ்சாபின் ஜமீன்தார் சர் உமர் ஹயாத் கான், 1929-ல் தன் வீட்டு ஆளான சுல்தான் கானை லண்டனுக்குக் கூட்டிப்போய், அவர் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனது பிரபலமான கதை. அதே ஜமீன்தார் வீட்டில் வேலை செய்த பாத்திமா என்ற பெண், 1933-ல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை ஜெயித்தார். அந்த வருஷம் வெள்ளைக்காரன் நாட்டு ஆண்கள் பட்டம், பெண்கள் பட்டம் ரெண்டுமே ஒரே இந்திய வீட்டுக்குப் போனது. அப்புறம் பாத்திமா ஊர் திரும்பினார். செஸ் உலகம் அவரைப் பிறகு பார்க்கவே இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

* * *

நம்ம பழைய சதுரங்கத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் ராணியே கிடையாது தெரியுமா? இருந்தவர் மந்திரி. ஆண்பிள்ளை. குறுக்கே ஒரே ஒரு கட்டம் நகர்வார். அவ்வளவுதான் அவர் பவர். காய்கள் பெர்சியா, அரேபியா வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்ததும் அங்கே மந்திரி மெல்ல ராணியானார். 15-ம் நூற்றாண்டின் கடைசியில், நேராகவும் போகலாம், குறுக்கேயும் போகலாம், எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகலாம் என்று ராணிக்கு அதிகாரம் கிடைத்தது. ஆணாக இருந்தவரைக்கும் ஒரு கட்டம். பெண்ணானதும் போர்டு முழுக்க. ராஜா மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு கட்டம்தான். கல்யாணமானவர்கள் இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்பார்கள்.

தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கட்டம் போட்டு ஆடுவது புதுசும் இல்லை. தாயமும் பல்லாங்குழியும் நம்ம வீட்டில் யார் சொத்து? எங்க அப்பத்தா பல்லாங்குழியில் சோழியை அள்ளும்போதே எந்தக் குழியில் முடியும் என்று கண்ணால் எண்ணிவிடுவார். பி.காம். படித்த நான் விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் என் பக்கம் காலியாகியிருக்கும்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூர் என்று ஒரு பாடல் பெற்ற தலம். சாமி பெயர் சதுரங்க வல்லபநாதர். தல புராணம் என்ன சொல்கிறது? தென்பாண்டி ராஜா ஒருவருக்கு ராஜராஜேஸ்வரி என்று மகள். சதுரங்கத்தில் அவளை ஜெயிக்க ஆளில்லை. அவளை ஜெயிப்பவருக்கே கல்யாணம் செய்து தருவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். வந்தவன் எல்லாம் தோற்றுப் போனான். கடைசியில் சிவபெருமானே சித்தர் வேஷத்தில் வந்து ஆடி ஜெயித்துக் கட்டிக்கொண்டார். மதுரைக்காரனுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். நம்ம மீனாட்சியும் அப்படித்தானே? வாளெடுத்து எல்லா ராஜாவையும் ஓட ஓட விரட்டி, கடைசியில் கைலாயத்தில் சொக்கரைப் பார்த்ததும்தான் நின்றாள்.

ரெண்டு கதையிலும் எனக்கு ஒரே சந்தேகம்தான். கல்யாணத்துக்கு அப்புறம் ராஜராஜேஸ்வரி செஸ் ஆடினாளா? புராணம் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

* * *

போன வருஷம் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி. ஒரு கட்டுரைக்காகப் போயிருந்தேன். உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். வெளியே வேப்பமரத்தடியில் சந்தைக்கடை. அம்மாக்கள் புளிசாதத் தூக்கு, தண்ணீர் பாட்டிலோடு. அப்பாக்கள் ஸ்கூட்டர் சீட்டில் சாய்ந்துகொண்டு. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் சுவரில் ஒரு பேப்பர் ஒட்டுவார்கள், அடுத்து யாருக்கு யார் ஜோடி என்று. அந்தப் பேப்பருக்கு முன்னால் பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு இருக்கிற மாதிரி கூட்டம்.

சின்னப் பிள்ளைகள் பிரிவில் ரெட்டை ஜடை, ரிப்பன், கொலுசு எல்லாம் நிறையவே இருந்தன. அதில் ஒரு வாண்டு, நாற்காலியில் உட்கார்ந்தால் எட்டவில்லை என்று முட்டி போட்டு ஆடிக்கொண்டிருந்தது. எதிராளிப் பையன் அழ ஆரம்பித்ததும், பாவம், தன் கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தது. கொடுத்துவிட்டு அடுத்த மூவில் அவன் யானையை எடுத்துவிட்டது.

பெரியவர்கள் பிரிவுக்கு வந்தேன். பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ரிப்பன்கள் எல்லாம் எங்கே போயின?

பதில் வேப்பமரத்தடியில் கிடைத்தது. திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா. ஒரு ஆபீஸில் கிளார்க். பெண் பதினொன்றாவது படிக்கிறாள். மாநில அளவில் ஆடியவள். நான் காமர்ஸ் படித்தவன் என்று தெரிந்ததும் கணக்கைக் கொட்டிவிட்டார்.

"பையனா இருந்தா நாலு பசங்களா சேர்த்து ஒரு கோச்சோட ரயில் ஏத்தி விட்டுருவேன் சார். இது பொம்பளப்புள்ள. நான் போகணும், இல்லைன்னா அவ அம்மா போகணும். டிக்கெட்டு ரெண்டு. சாப்பாடு ரெண்டு. நாலு பேரோட ஹால்ல படுத்துக்கன்னு சொல்ல முடியுமா? ரூம் போடணும். ஒன்பது நாள் போட்டின்னா எனக்கு ஒன்பது நாள் லீவு. சம்பளமில்லாத லீவு. கோச்சிங் பீஸ் தனி."

யோசித்துப் பார்த்தேன். போர்டில் காய் ரெண்டு பேருக்கும் பதினாறுதான். கடிகாரம் ரெண்டு பேருக்கும் ஒரே நேரம்தான் கொடுக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் வந்து உட்காருவதற்கே ஒரு பெண்ணுக்கு ஆகிற செலவு பையனைப் போல ரெண்டு மடங்கு. இந்தச் செலவு எந்த ஸ்கோர் ஷீட்டிலும் ஏறாது. காஸ்ட் அக்கவுன்டிங் சொல்லிக்கொடுத்த எங்கள் வாத்தியார் இதை மறைமுகச் செலவு என்பார். வீட்டில் பணம் இறுகும்போது முதலில் வெட்டுவது மறைமுகச் செலவைத்தான்.

ஆட்டம் முடிந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். ஜெயித்திருந்தாள். எதிராளி நாற்பது வயசு பேங்க்காரர். அவர் என்னிடம் தானாகவே வந்து, காலையிலிருந்து தலைவலி என்றார். பெண்ணிடம் தோற்ற ஆண் யாரும் அன்றைக்கு ஆரோக்கியமாக இருந்ததே இல்லை என்று செஸ் உலகத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. மதுரையிலும் அமலில் இருக்கிறது.

"அடுத்து எந்தப் போட்டிம்மா?" என்றேன்.

"அடுத்து பிளஸ் டூ, அங்கிள்." (முப்பத்தைந்து வயசுக்காரனை அங்கிள் என்றதை மன்னித்தேன்.) "அப்பா ரெண்டு வருஷம் செஸ் வேணாம்னுட்டாங்க."

"ரெண்டு வருஷம் கழிச்சு?"

"காலேஜ்."

"அப்புறம்?"

சிரித்தாள். அவள் அப்பா ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்கூட்டர்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிற மனுஷன். மகளின் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு ஆட்டம் தெரியாது. எழுதத் தெரியும்.

* * *

இப்போது அக்கவுண்டன்ட் நண்பர் கேள்விக்கு வருவோம்.

முதலில் ஒரு விஷயம். 'ஆண்கள் போட்டி' என்று நாம் சொல்கிறோமே, அது யாரும் ஆடலாம் என்கிற பொதுப் போட்டி. பெண்களும் ஆடுகிறார்கள், ஜெயிக்கிறார்கள். பெண்கள் போட்டி அதற்கு மேல் கூடுதலாக ஒன்று. லேடீஸ் ஸ்பெஷல் பஸ் மாதிரி. லேடீஸ் ஸ்பெஷல் விடுகிறோம் என்றால் பெண்களுக்கு மற்ற பஸ்ஸில் ஏறத் தெரியாது என்றா அர்த்தம்? ஏறினால் என்ன நடக்கிறது என்று தெரிந்ததால்தானே விட்டார்கள்!

பட்டங்களிலும் இதே கதை. கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங் தொட வேண்டும். கூடவே நார்ம் என்கிற தகுதிகள். பெண் கிராண்ட்மாஸ்டர் என்று தனிப் பட்டம் ஒன்று உண்டு. அதற்கு 2300 போதும். 2500 தொட்ட பெண்ணுக்கு ஆண்களுக்குக் கொடுக்கிற அதே கிராண்ட்மாஸ்டர் பட்டம்தான், எந்த அடைமொழியும் இல்லாமல்.

"அப்ப பொண்ணுங்க மட்டம்னு ஒத்துக்கிறீங்களா?" என்பார் நண்பர். இங்கேதான் காமர்ஸ் உதவுகிறது. ஒரு பையில் 1000 சீட்டு, இன்னொரு பையில் 100 சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மார்க். ரெண்டு பையிலும் நல்லதும் சுமாரும் ஒரே விகிதத்தில்தான் கலந்திருக்கிறது. இப்போது ரெண்டு பையிலிருந்தும் டாப் 10 சீட்டை எடுத்து ஒப்பிடுங்கள். பெரிய பை ஜெயிக்கும். சீட்டு உசத்தி என்பதால் இல்லை. எண்ணிக்கை அதிகம் என்பதால். இது மட்டுமே முழுக் காரணமா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். பை சின்னதாக இருப்பது மட்டும் நிச்சயம். அதை மேலும் சின்னதாக்குவது பதினொன்றாவது வகுப்பு. அதற்கும் தப்பினால் கல்யாணம்.

கல்யாணம் என்றதும் கவனித்த ஒன்று. இந்தியாவில் நீண்ட காலம் ஆடிய பெண் சாம்பியன்களைப் பாருங்கள். ஐந்து தடவை தேசிய பட்டம் வென்ற பாக்யஸ்ரீ, கணவர் கிராண்ட்மாஸ்டர் பிரவீண் திப்சே. அதே ஐந்து தடவை வென்ற அனுபமா, கணவர் செஸ் வீரர் ரகுநந்தன் கோகலே. நம்ம சென்னை விஜயலட்சுமி, கணவர் கிராண்ட்மாஸ்டர் ஸ்ரீராம் ஜா. 2003-ல் தேசிய பட்டம் வென்ற ஆர்த்தி ராமசாமி, கணவர் கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ். இதைக் காதல் கதை என்று சிலர் எழுதுவார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். மாசத்தில் பதினைந்து நாள் ஊர் ஊராகப் போகிற மனைவியை "எங்க போற, எப்ப வருவ, சோறு யாரு வைப்பா?" என்று கேட்காத ஆண் வேண்டுமென்றால், அவனும் அதே பைத்தியமாக இருந்தால்தான் உண்டு போலிருக்கிறது!

விஜயலட்சுமியைப் பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால் பாவம். இன்றைய பையன்களுக்கு ஆனந்த் தெரியும், குகேஷ் தெரியும். இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர், அதுவும் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண், ஒரு சென்னைக்காரர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1995-ல் முதல் தடவையாக தேசிய சாம்பியன். அப்புறம் 1996, 1998, 1999 என்று வரிசையாக. காடில்கர் வீட்டைப் போல இங்கேயும் மூன்று சகோதரிகள்: விஜயலட்சுமி, மீனாட்சி, பானுப்ரியா. மூன்று பேரும் செஸ். மீனாட்சியும் பெண் கிராண்ட்மாஸ்டர். (பெயர் மீனாட்சி, ஊர் சென்னை. மதுரைக்கு இது ஒரு மனக்குறை.)

ஆனந்துக்கே செஸ் சொல்லிக் கொடுத்தது யார்? அம்மா சுசீலா. இந்திய செஸ்ஸின் முதல் மூவை நகர்த்தியது ஒரு அம்மாதான் என்று மேடையில் பேசினால் கைதட்டு வரும். ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு போட்டி நடத்த அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லையே!

* * *

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி சட்டை போட்ட குதிரைக்கு 'தம்பி' என்று பெயர் வைத்து ஊரெல்லாம் நிறுத்தினார்கள். தங்கச்சி என்று ஒரு குதிரை ஏன் இல்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒலிம்பியாடில் சரித்திரம் படைத்தது தங்கச்சிகள்தான். ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் அணி பதக்கம் வாங்கியது அதுதான் முதல் தடவை. வெண்கலம். அணியில் கொனேரு ஹம்பி, ஹரிகா, நம்ம வைஷாலி, தானியா சச்தேவ். ஐந்தாவது ஆள், காரைக்குடியில் ஜெயித்த அதே பக்தி குல்கர்னி. தேசியப் போட்டி சும்மா கோப்பைக்கு இல்லை. அணிக்குப் போகிற வாசல்.

அந்த அணியின் ஹரிகா அப்போது நிறைமாத கர்ப்பிணி. ஒன்பது மாத வயிற்றோடு போர்டு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்தார். பிள்ளை அதே ஆகஸ்டில் பிறந்தது. "உக்காந்து மரக்கட்டையை நகத்துறது" என்றாரே நண்பர்... ஹரிகாவின் பக்கத்து நாற்காலியில் அரை மணி அவரை உட்கார வைத்துப் பார்க்க ஆசை.

வைஷாலி வீட்டுக் கதை ஊரறிந்தது. டி.வி. பார்ப்பதைக் குறைக்க அக்காவை செஸ்ஸில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தா பின்னால் வந்தான். கவனியுங்கள், அக்காதான் முதலில். 2013-ல் சென்னை வந்த மேக்னஸ் கார்ல்சன் ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடியபோது, அவரைத் தோற்கடித்தவர்களில் 12 வயசு வைஷாலியும் உண்டு. ஆனால் தம்பி கிராண்ட்மாஸ்டர் ஆனது 2018-ல், அக்கா 2500-ஐத் தொட்டது 2023 டிசம்பரில். உலகத்தில் அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் என்பது இவர்கள் வீட்டில்தான் முதல் தடவை. அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுக்கெல்லாம் அடுப்பும் அரிசியும் ரசப்பொடியும் தூக்கிக்கொண்டு போகிறவர். திருமங்கலத்து அப்பா சொன்ன ரெண்டாவது டிக்கெட் இருக்கிறதே, அது இதுதான். எல்லா வீட்டிலும் அந்த டிக்கெட் எடுக்க முடிவதில்லை.

* * *

ஹம்பி விஷயத்துக்கு வருகிறேன். விஜயவாடாப் பக்கத்துப் பெண். 'சாம்பியன்' என்ற வார்த்தையிலிருந்து அப்பா உருவி எடுத்து வைத்த பெயர் அது. 2002-ல் 15 வயசில் கிராண்ட்மாஸ்டர். அந்த வயசில் அதுவரை உலகத்தில் எந்தப் பெண்ணும் ஆனதில்லை. கல்யாணம், 2017-ல் பெண் குழந்தை, இரண்டு வருஷம் போர்டுப் பக்கமே வரவில்லை. முடிந்தது என்றார்கள். 2019-ல் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். 2024-ல் மறுபடியும் ஆனார். பாத்திமா ஞாபகம் இருக்கிறதா? ஊர் திரும்பியவர் மறுபடி வரவில்லை. ஹம்பி வந்தார். நடுவில் போனது 85 வருஷம்.

2025 ஜூலையில், ஜார்ஜியா நாட்டின் பாட்டூமியில் பெண்கள் உலகக் கோப்பை. ஃபைனலில் ரெண்டு பேரும் இந்தியர்கள். ஒரு பக்கம் ஹம்பி, 38 வயசு. எதிரே நாக்பூரின் திவ்யா தேஷ்முக், 19 வயசு. திவ்யா பிறந்தபோது ஹம்பி கிராண்ட்மாஸ்டராகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. திவ்யா 2022-ன் தேசியப் பெண்கள் சாம்பியன். பாட்டூமிக்குப் போகும்போது அவரிடம் கிராண்ட்மாஸ்டர் நார்ம் ஒன்றுகூடக் கிடையாது. ஜெயித்தால் நேரே பட்டம் என்பது விதி. ரெண்டு ஆட்டம் டிரா. டைபிரேக்கரில் திவ்யா ஜெயித்தார். நாட்டின் 88-வது கிராண்ட்மாஸ்டர். அந்த 88-ல் பெண்கள் நாலு பேர்: ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா.

பரிசு 50,000 டாலர். அதே வருஷம் கோவாவில் நடந்த பொது உலகக் கோப்பையில் ஜெயித்தவருக்கு 1,20,000 டாலர். அக்கவுண்டன்ட் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்து, "விகிதம் இடிக்குதே" என்றார். இடிக்கத்தான் செய்கிறது.

ஜெயித்த உடனே திவ்யா என்ன செய்தார்? கையெழுத்துப் போட்டார், எழுந்தார், அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா டாக்டர். கூடவே வந்திருந்தார்.

ரெண்டாவது டிக்கெட்.